கடலோரத்தில் குடியேறும் முன் ஒரு ஐப்பசியைப் பாருங்கள்

ஓய்வு பெற்ற பிறகு தரங்கம்பாடி மாதிரி அமைதியான கடற்கரை ஊரில் இருந்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல ஆசைதான். ஆனால் தை மாதம் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம் அதுதான். மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது, தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

வீடு பார்க்கும்போது ஜன்னல் கம்பியின் அடிப்பக்கத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டுங்கள். புது பெயின்ட்டுக்குக் கீழே துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால், உப்புக்காற்று உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தால் அந்த வீடே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். அந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு செம்பு கொண்டுவந்து துவரம்பருப்பு வேகவைத்துப் பாருங்கள், குழையாமல் விறைத்து நின்றால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் தேட வேண்டும். கோடையிலும் ஒருமுறை ருசி பாருங்கள், உப்பு கூடும்.

மனையாக வாங்கினால், உயர் ஓத எல்லையிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கட்ட அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் கவனத்துக்கு: வாழ்நாள் சான்று தரும் நவம்பர் மாதமும் இந்த மழையில்தான் வருகிறது. வங்கிக்கு அலைய வேண்டாம், தபால்காரரிடம் சொன்னால் வீட்டிலேயே முடித்துத் தருவார்.