எச்.எல்.ஏ. ஆய்வில் எல்லாரையும் ‘இந்தியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடல் பிரித்தறிய உதவும் மரபணுக்கள்தான் எச்.எல்.ஏ.; எலும்பு மஜ்ஜை கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இவை பொருந்த வேண்டும். இந்த ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்களின் இரத்த மாதிரிப் பட்டியலில், ‘மக்கள்’ என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘இந்தியர்’ என்றே இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். குழாயில் பெயர் மாறுவதுபோன்ற பிழைகளை எல்லாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன். வேறு நான்கு பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கலந்த மாதிரியை ஒரே மக்களாக எண்ணுவது

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆவது குரோமோசோமில் நெருக்கமாக இருப்பதால், அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து எனப் பெரும்பாலும் உடையாமல் வருகின்றன. நம் நாட்டில் நெடுங்காலமாக அவரவர் சமூகத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததில், இந்தக் கொத்துகளின் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது.

என் முதல் ஆய்வுக்கு ஒரு பெருநகர மருத்துவமனையில் மாதிரி எடுத்தோம். ஒரு மரபணு வடிவத்தின் விகிதத்தை வைத்து, அதன் இரண்டு பிரதியும் உள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லும் ஹார்டி-வைன்பெர்க் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பிரதியும் ஒரே அல்லீலாக (மரபணுவின் ஒரே வடிவமாக) இருப்பவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். பிரைமர், அதாவது சோதனையில் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு, ஒரு அல்லீலைப் பிடிக்காமல் விட்டிருக்கும் என்று நினைத்துச் சோதனையை மறுபடி ஓட்டினோம். அப்புறம் மூன்றாம் முறை. அந்த ஆண்டுக்கு வாங்கிய சோதனைக் கிட் எல்லாம் தீர்ந்தது, முடிவு மாறவில்லை.

காரணம் எளிது. ஓர் அல்லீல் ஒரு சமூகத்தில் 40%, இன்னொன்றில் அறவே இல்லை என்று வையுங்கள். சரிபாதியாகக் கலந்தால் 20%. கணக்குப்படி இரட்டைப் பிரதிக்காரர்கள் 4% இருக்க வேண்டும். உண்மையில் 8% இருப்பார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் வாலுண்ட் 1928இலேயே எழுதிவைத்த விஷயம் இது. கிட் தவறினால் பெரும்பாலும் ஒரு மரபணுவில்தான் தெரியும். எங்கள் அட்டவணையில் ஏ, பி, டிஆர்பி1 என்ற மூன்று எச்.எல்.ஏ. மரபணுக்களிலும் தெரிந்தது. மாமன் மகள், அக்கா மகள் திருமணங்களும் இதே தடத்தைத்தான் விடும்.

சரி, பிரித்துப் பார்க்கலாம் என்றால் படிவத்தில் அதற்கான கட்டமே இல்லை. பெயர்களையும் நீக்கியிருந்தோம், திரும்பப் போய்க் கேட்க வழியில்லை. நம்பிக் கை நீட்டி இரத்தம் கொடுத்தவர்களின் மாதிரி வீணானதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைத் தேடும் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட விகிதங்களை வைத்துத்தானே வாய்ப்பைச் சொல்கிறோம்?

ஊசி எடுக்கும் முன்பே கேளுங்கள்: தாய்மொழி, தாத்தா பாட்டி நால்வரின் சொந்த ஊர், பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா. சமூகத்தையும் காரணம் சொல்லி, ஒப்புதல் பெற்றுக் கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

அண்ணன் தம்பியைச் சேர்ப்பது

உடன்பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் அதே கொத்துகள் வருவதால், ஒரே கொத்தை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். வீட்டுக்கு ஒருவர் போதும்.

ஐரோப்பிய அட்டவணையை நம்புவது

எந்த அல்லீல் எதோடு சேர்ந்து வரும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். பி8, டிஆர்3 என்ற அல்லீல்கள் சேர்ந்த கொத்தோடு வட ஐரோப்பாவில் ஏ1 வரும். வட இந்தியாவில் பெரும்பாலும் ஏ26.

பி15 என்று எழுதி நிறுத்துவது

பி15 என்பது ஒரு குழுவின் பெயர்; 15:01, 15:02 எல்லாம் அதில் உள்ள தனித்தனி அல்லீல்கள். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் மாத்திரையால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கும் பி 15:02க்கும் உள்ள தொடர்பு 2004இல் தைவானில் தெரியவந்தது. 15:01க்கு அந்தத் தொடர்பு இல்லை. வெறும் ‘பி15’ என்று போகும் அறிக்கையை வைத்து, வலிப்புக்கு எந்த மருந்து எழுதுவது என்று மருத்துவரால் முடிவெடுக்க முடியாது.