மனச்சோர்வு இருக்கும்போது ஒரு நாளைக் கடத்துவது எப்படி

மனசு தெளிந்ததும் எழுந்து வேலை பார்க்கலாம் என்று காத்திருந்தால் நாள் முழுக்கப் படுக்கையிலேயே போய்விடும். மனச்சோர்வில் உடம்பு முதலில் அசைய வேண்டும், மனசு பிறகுதான் வரும்.

பலருக்குக் காலைதான் கனமான நேரம். முந்தைய இரவே தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, செருப்பு மூன்றையும் கட்டிலருகே வைத்துவிடுங்கள். எப்போது தூக்கம் வரும் என்பது நம் கையில் இல்லை, எழும் நேரம் ஓரளவு இருக்கிறது. இரண்டு மணிக்குக் கண் அசந்தாலும் ஏழுக்கு எழுந்து, மொட்டை மாடியிலோ தெருமுனையிலோ 10 நிமிடம் நில்லுங்கள். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடியே கிடக்கும். அந்த மங்கல் வெளிச்சமும் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

குளிக்க முடியவில்லையா, முகம் கழுவிச் சட்டை மாற்றினால் போதும். பாத்திரம் குவிந்திருந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கொஞ்சம் தெம்பு வந்த நாளில் பாக்கி வேலை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வதுதான் பெரிய தவறு, அடுத்த மூன்று நாள் எழ முடியாது. தெம்பு இருக்கும்போதே பாதியில் நிறுத்துங்கள்.

சமைக்க முடியாத நாளுக்கு அவல், தயிர், வாழைப்பழம், முட்டை வீட்டில் இருக்கட்டும். மெல்லிய அவலை ஐந்து நிமிடம் ஊறவைத்துத் தயிர் ஊற்றினால் ஒருவேளைச் சாப்பாடு.

டாக்டர் மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை விஷயத்தில் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டலும் தலைவலியும் வரலாம், பலனோ பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்தில்தான் தெரியும். அதற்குள் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, தேறியதும் தாமாகவே நிறுத்துவது. தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வதே வழக்கம், பிறகு டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். மது தூக்கத்தைக் கெடுத்துச் சோர்வையும் கூட்டும்.

டாக்டரிடம் உடம்புவலி, தூக்கமின்மையோடு நிறுத்தாமல், எதிலும் பிடிப்பில்லை என்பதையும் சொல்லுங்கள். ஊரிலிருக்கும் அக்காவிடமோ நண்பரிடமோ, "தினம் எட்டு மணிக்குப் போன் பண்ணு, நான் பேசாட்டியும் பரவாயில்ல" என்று கேட்டுவையுங்கள். பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதி அறையில் தனியாக இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். மாத்திரைகளை வேறொருவர் கையில் கொடுத்து, தனியாக இல்லாமல், பெங்களூரில் இருந்தால் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அவரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். இரவிலும் பார்ப்பார்கள்.