கால்நடை மருத்துவத் தொடர்கல்வி: தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி நடத்தும் ஓர் அமைப்பில் ஒன்பது ஆண்டுகள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஒவ்வொரு கருத்தரங்கும் முடிந்த மறுநாள் மேலிடத்திலிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை பேர் வந்தாங்க?" அடுத்தது, "ஃபீட்பேக்ல என்ன மார்க்?" வந்தவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் மருத்துவமனையில் எதை மாற்றிக்கொண்டார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தலைமை செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் வேர் விட்டிருக்கின்றன.

பயிற்சியின் பலனை நான்கு படிகளில் பார்க்க வேண்டும் என்று பயிற்சிகளை மதிப்பிடுவதை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதிவிட்டார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடைமுறை மாறியதா, அதனால் விளைவு மாறியதா. நாம் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். அதற்கு ஒரு காரணம் மணிக்கணக்கு. பிரிட்டனில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு 35 மணி நேரமும், கால்நடைச் செவிலியர் 15 மணி நேரமும் தொடர்கல்வி பெற வேண்டும் என்பது விதி. வேறு பல நாடுகளிலும் உரிமத்தைப் புதுப்பிக்க இப்படி ஒரு கணக்கு உண்டு. மணி நேரத்தை எண்ணுவது சுலபம் என்பதால் அமைப்பின் தலைமையும் மணி நேரத்தை விற்பதே தன் வேலை என்று நினைத்துவிடுகிறது. விதி கேட்பது குறைந்தபட்சம். நாம் அதையே இலக்காக வைத்துக்கொள்கிறோம்.

மூன்றாம் படியை அளக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பூனைகளின் வலியைப் பற்றி ஒரு வகுப்பு நடத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை மதிப்பிடும் முறை 2019-ல் வெளியானது. காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலையின் நிலை என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு நான்கு வந்தாலே வலி மருந்து தருவதைப் பற்றி யோசிக்க வேண்டும். வகுப்புக்கு வந்தவர்களிடம் மூன்று மாதம் கழித்து, "கடைசியாகக் கருத்தடை அறுவை செய்த பத்துப் பூனைகளின் தாளில் இந்த மதிப்பெண் எத்தனையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்பவர் பாதிப் பேராக இருந்தாலும் போதும், அடுத்த வகுப்பை எப்படி அமைப்பது என்று தெரிந்துவிடும்.

செயல்முறைப் பயிற்சியில் ஆட்களை அடைப்பது என்னை இன்றும் உறுத்துகிற தவறு. விபத்தில் அடிபட்ட நாய்க்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கும் அவசர ஸ்கேன் பயிற்சி ஒன்று. ஒரு மெஷின், பதினான்கு பேர், தொண்ணூறு நிமிடம். விளக்கிச் சொல்லவே நாற்பது நிமிடம் போய்விட்டது. மிச்சத்தைப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்றரை நிமிடம். அதிலும் இளையவர்கள் முண்டியடித்து, உடலில் வைத்துப் பார்க்கும் புரோபைப் பிடித்தார்கள். தலை நரைத்த மருத்துவர் ஒருவர் பின்வரிசையில் நின்று நோட்டில் படம் வரைந்துகொண்டே இருந்தார். மேஜையில் படுத்திருந்த நாய் பொறுமை இழந்து எழுந்ததும் பயிற்சி முடிந்தது. சான்றிதழ் வாங்க வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நான் அதைக் கையிலேயே பிடிக்கலையே. இதுல 'பயிற்சி பெற்றார்'னு இருக்கே, வாங்கலாமா?" என்னிடம் பதில் இல்லை. கொடுத்துவிட்டேன். அன்று வரவு செலவுக் கணக்கில் அந்தப் பட்டறை லாபம்.

ஒரு மெஷினுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது என் கருத்து. கட்டணம் கூடும், இடங்கள் குறையும். அதை இயக்குநர் குழுவின் முன் நின்று நியாயப்படுத்துவது தலைமையின் வேலை. ஒருங்கிணைப்பாளரால் அது முடியாது.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருவோம். மருந்து, தீவனம், கருவி நிறுவனங்களின் பணம் இல்லாமல் பெரிய கருத்தரங்கு நடத்துவது கடினம். அதை நான் குறை சொல்லவில்லை. பணம் திரட்டுபவரே பாடத்தையும் முடிவு செய்வதுதான் தவறு. யாரும் பேச்சாளரிடம் பொய் சொல்லச் சொல்வதில்லை. நடப்பது இதைவிட நுட்பமானது. புதிய மருந்து உள்ள நோய்க்கு மூன்று அமர்வு கிடைக்கும். மருந்தே வேண்டாத, கவனிப்பு மட்டும் வேண்டிய நோய்க்கு ஒன்றுகூடக் கிடைக்காது. "இந்த மருந்தைக் கொடுக்காதீர்கள்" என்று சொல்லும் வகுப்புக்கு யார் பணம் தருவார்கள்?

தெற்காசியாவில் பாறு கழுகுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். மாடுகளுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்லோஃபினாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. காரணம் இதுதான் என்று 2004-ல் ஆய்வு வெளியானது. 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தன. மெலாக்சிகாம் என்ற இன்னொரு வலி மருந்து கழுகுகளுக்குப் பாதுகாப்பான மாற்று என்பதும் அதே ஆண்டு தெரிந்தது. தடை காகிதத்தில் வந்தாலும், தொழுவத்தில் நிற்கிற மருத்துவர் கைக்கு எந்த ஊசி வருகிறது என்பதை மாற்ற வேண்டியது கல்விதான். இப்படிப்பட்ட பாடங்களுக்கென்று அமைப்பின் சொந்தப் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். பாடத்தைத் தேர்வு செய்யும் குழுவில் ஸ்பான்சர்களோடு பேசுபவர் இருக்கக் கூடாது.

சிறந்த அறுவை நிபுணரைக் கல்விப் பிரிவின் தலைவராக்குவது இன்னொரு வழக்கம். அவர் கை பேசும். ஆனால் அந்தக் கை தெரிந்துவைத்திருப்பதைப் பிறருக்கு எப்படிப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பது என்பது வேறு தொழில். அவர் பக்கத்தில் கற்பித்தல் தெரிந்த ஒருவரை, சம அதிகாரத்தோடு, உட்கார வையுங்கள்.

பழைய வீடியோக்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய், பூனைகளுக்கு இதயம் நின்றால் செய்ய வேண்டிய உயிர்காப்பு முறைக்கான, ரிகவர் (RECOVER) என்ற கால்நடை மருத்துவ முயற்சியின் வழிகாட்டுதல்கள் முதலில் 2012-ல் வந்தன. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்துவது அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் நீண்ட நேரம் பலனில்லாதபோது எபிநெஃப்ரின் (அட்ரினலின்) மருந்தை அதிக அளவில் தரலாம் என்று அன்று இருந்ததை 2024 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 2013-ல் பதிவு செய்த அருமையான வகுப்பு உங்கள் தளத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அது நட்சத்திரப் பேச்சாளருடையதாக இருந்தாலும், தவறான அளவைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பொறுப்பாளர், மறுபார்வைக்கு ஒரு தேதி, தேதி தாண்டினால் தானாக மறையும் ஏற்பாடு. இது செலவில்லாத வேலை. செய்யாமல் விடுவதற்கு ஒரே காரணம், பழைய பதிவுகளை யார் பார்ப்பது என்று நிர்வாகத்தில் யாருக்கும் சொல்லப்படாததுதான்.

மார்பை அழுத்துவது பெரும்பாலும் செவிலியரும் டெக்னீசியனும்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டிய வேலை அது. மருத்துவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்துவிட்டு, மாறி நிற்க வேண்டியவர்களைக் கட்டணக் குறைப்பில்கூடச் சேர்க்காமல் விடுகிறோம். முடிந்தவரை ஒரே மருத்துவமனையிலிருந்து குழுவாக வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, சின்னதாகத் தெரியும். பாடத் திட்டக் கூட்டத்துக்குப் பேராசிரியர்கள் வருவார்கள், நிதி அதிகாரி வருவார், பதிவு மேஜையில் தொலைபேசி எடுப்பவர் வரமாட்டார். எங்கள் அலுவலகத்தில் அந்த இடத்தில் இருந்த அக்கா ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். யார் எதற்காக முன்பதிவை ரத்து செய்கிறார்கள் என்று அதில் எழுதுவார். "தனி ஆள், பூட்டிவிட்டு வர முடியாது." "இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் பார்க்கலாம்." "குழந்தையைக் கூட்டி வரலாமா?" "பசு மாட்டுக்கு ஒன்றுமே இல்லையா?" ஆண்டுதோறும் கட்டணம் கொடுத்து நாங்கள் எடுத்த எந்தத் தேவை ஆய்விலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அந்த அக்கா ஓய்வு பெற்ற வாரம் மேஜையைக் காலி செய்தபோது, மூன்று நோட்டுகள் பழைய காகிதத்தோடு போயின.