வீட்டுத் தோட்டத்தில் வேட்டைப் பறவைகளை இனம் காணும் முறை

வேட்டைப் பறவையைக் காண விரும்புபவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பாகத் தோட்டத்துச் சிறு உயிர்களின் குரலுக்குச் செவி கொடுக்க வேண்டும். அணில் ஒரே இடத்தில் நின்று வாலை வெட்டி வெட்டி இடைவிடாமல் கத்தினாலோ, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புதருக்குள் பாய்ந்து இரைந்தாலோ, காகங்கள் ஒரே மரத்தைச் சுற்றிக் கரைந்தாலோ, அருகில் பகை இருக்கிறது என்று கொள்ளலாம். பூனையோ பாம்போ வந்திருந்தால் இந்தச் சிறு உயிர்களின் பார்வை பெரும்பாலும் தரையை நோக்கியிருக்கும். எல்லாம் மேல்நோக்கிப் பார்த்தாலோ, சட்டென்று ஒருசேர அடங்கிப்போனாலோ, அடர்ந்த கிளைகளின் உட்புறத்தைத் தேடிப் பாருங்கள்.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அவ்வாறு பெரும்பாலும் கண்ணில் படுவது வைரி என்னும் சிறு வல்லூறுதான். புறா அளவே உள்ள இப்பறவை வேம்பு, மா போன்ற மரங்களின் இலை மறைவில் அசையாமல் அமர்ந்திருந்து, ஓணான், அணில், சிறு பறவை ஆகியவற்றின் மீது பாய்கிறது. வளர்ந்த வைரியின் முதுகு சாம்பல் நிறமாகவும், வெண்ணிற மார்பு செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள் நெருங்கியதாகவும் இருக்கும். தொண்டையின் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று இறங்கும். ஆணின் கண் சிவப்பாகவும், அதைவிடப் பெரிய பெண்ணின் கண் மஞ்சளாகவும் தெரியும். இளம் பறவையிடம் குறுக்குக் கோடுகள் இல்லை. பழுப்பு முதுகும், மார்பில் மேலிருந்து கீழாக இறங்கும் தீற்றல்களும் இருப்பதால், புதியவர்கள் அதை வேறு இனமென்று எண்ணிவிடுவது உண்டு.

வைரியையும் அக்காக்குயிலையும் பிரித்தறிவதே இதில் கடினமான பகுதி. நிறத்திலும் பறக்கும் விதத்திலும் அக்காக்குயில் வைரியை அப்படியே ஒத்திருப்பதால் சிறு பறவைகளே மிரண்டுவிடுகின்றன. ஆகவே, நிறத்தை நம்பாமல் அலகையும் காலையும் பாருங்கள். வைரியின் அலகு குட்டையாக, அடியிலிருந்தே கொக்கிபோல் வளைந்திருக்கும். கால்கள் நீண்டு, நகங்கள் கூர்மையாக இருக்கும். குயிலின் அலகு அவ்வாறு வளைந்திராது. அதன் கால்களும் வலுவற்றவை.

பருந்துகளுக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. வெயில் ஏறி நிலம் சூடாகத் தொடங்கியதும் அவை வட்டமிடும். அப்போது வாலைக் கவனித்தால் போதும். கரும்பருந்தின் வால் நுனி கவைபோல் பிளந்திருக்கும். ஆனால் வாலை முழுவதும் விரிக்கும்போது அந்தப் பிளவு மறைந்துவிடும் என்பதால் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெண்தலையும் செங்காவி உடலும் கொண்ட செம்பருந்தின் வால் நுனி வட்டமானது.

அந்திக்குப் பின் வேட்டையாடுபவை ஆந்தைகள். புள்ளி ஆந்தை பழைய மரங்களின் பொந்து வாயில் பகலிலேயே தலையை ஆட்டியபடி நிற்பதுண்டு. கூகை பகலில் வெளிப்படுவது அரிது. ஆயினும் பாழடைந்த மாடத்தின் கீழ் எலியின் மயிரும் எலும்பும் உருண்டு திரண்ட கருநிற உருண்டைகள் கிடந்தால், அது மேலே தங்குகிறது என்று அறியலாம். தரையில் சிதறிக் கிடக்கும் இறகுகளையும் எடுத்துப் பாருங்கள்: வைரி இறகைத் தண்டோடு பிடுங்கிப் போடும், பூனை கடித்த இறகின் தண்டு பெரும்பாலும் அறுந்து நசுங்கியிருக்கும்.

8×42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) இருகண்நோக்கி தோட்டத்திற்குப் போதுமானது. பார்த்த நாள், நேரம், செய்கை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்கும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். கூடு இருக்கும் மரத்தை நெருங்காதீர்கள். ஆந்தைக் குரலை அலைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எலிப் பாஷாணத்தைத் தோட்டத்தில் வைக்கவே கூடாது. நஞ்சு தின்று தள்ளாடும் எலிதான் கூகைக்கு எளிதில் அகப்படும், அந்த நஞ்சு கூகையையும் கொல்லும்.