க்ளொசெட் மடிப்புக் கதவு சிக்கினால்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

கனடாவில் நம்மவர் வாழும் வீடுகளில், படுக்கையறைச் சுவரோடு சேர்ந்த உடுப்பு அலமாரிக்கு, அதாவது க்ளொசெட் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்ட அந்தச் சிற்றறைக்கு, பெரும்பாலும் இரண்டாக மடிந்து திறக்கும் கதவே போடப்பட்டிருக்கும். ஒரு நாளில் பலமுறை திறந்து மூடப்படும் இந்தக் கதவு மற்றக் கதவுகளைவிட விரைவில் தொல்லை கொடுக்கத் தொடங்குகிறது. ஒரு பக்கம் தரையில் உரசும், இன்னொரு பக்கம் மூடாமல் பிளந்து நிற்கும், ஒருநாள் இழுத்த கையோடு மேலேயிருந்து கழன்று தோளில் சாயும். சிலர் ஆண்டுக்கணக்காக அதைத் தூக்கித் தூக்கித் திறக்கிறார்கள். சிலர் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டுத் திரைச்சீலை தொங்கவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. ஒரு திருப்புளி, ஒரு ஸ்பேனர், ஒரு நீர்மட்டம், ஒரு கைவிளக்கு ஆகியவை இருந்தால், பெரும்பாலான கோளாறுகளை ஒரு மணி நேரத்துக்குள் நாமே சரிசெய்துவிடலாம்.

கதவு எதில் நிற்கிறது?

ஊரிலிருந்த பழைய வீடுகளின் கனத்த மரக்கதவுகள் பிணைச்சலில் தொங்கவில்லை. ஓரத்தில் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமியில், குழிக்குள் நின்று சுழன்றன. மடிப்புக் கதவும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். நிலைக்காலை ஒட்டிய பலகையின் அடியில் ஒரு கீழ்க்குடுமியும், உச்சியில் ஒரு மேற்குடுமியும் உண்டு. கீழ்க்குடுமி, தரையோடும் நிலைக்காலோடும் திருகப்பட்ட ‘எல்’ வடிவ இரும்புத் தாங்கியில், அதில் வரிசையாக வெட்டியிருக்கும் பற்களின் இடைப்பள்ளம் ஒன்றில் இறங்கி நிற்கும். மேற்குடுமி, மேலே ஓடும் தண்டவாளத்தின் மூலையிலுள்ள சிறிய பிடிப்பின் துளைக்குள் நுழைந்திருக்கும். அதற்குள் ஒரு சுருள்வில் இருப்பதால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மேலே எழும். இரண்டு பலகைகளையும் நடுவில் மூன்று பிணைச்சல்கள் (கீல் என்றும் சொல்வோம்) இணைக்கின்றன. முன்னால் நகரும் பலகையின் உச்சியில் ஒரு நைலோன் சில்லு தண்டவாளத்துக்குள் ஓடி, கதவுக்கு வழி காட்டுகிறது.

இதில் எல்லோரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. வீடுகளில் உள்ள சாதாரண மடிப்புக் கதவின் பாரம் முழுவதையும் கீழ்க்குடுமியே தாங்குகிறது. மேலே உள்ளவை கதவைச் சாயாமல் பிடிப்பவை மட்டுமே. கதவு மேலேயிருந்து கழல்வதைப் பார்த்ததும் நாம் தண்டவாளத்தைத்தான் ஆராய்கிறோம், ஆனால் குற்றம் பெரும்பாலும் கீழ்மூலையில் இருக்கும்.

எங்கள் வீட்டில் கார்ப்பெட்டை அகற்றி லமினேட் தளம் போட்டபோது, வேலைக்கு வந்தவர்கள் கதவுகளைக் கழற்றித் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரத்தில் மூத்த மகளின் அறைக் கதவு விழுந்தது. மூன்று நாட்கள் நான் மேற்பிடிப்பை முறுக்கி முறுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மறுநாளே கழன்றது. கடைசியில் தரையில் படுத்து, கைவிளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. தடித்த கார்ப்பெட் போன இடத்தில் மெல்லிய தளம் வந்ததால் தாங்கி கீழிறங்கி, கதவும் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. மேற்குடுமி துளைக்குள் நகக்கண் அளவுக்கே எட்டியிருந்தது. தாங்கியின் பற்களில் ஒன்றின் விளிம்பில், குடுமி பாய்ந்து பாய்ந்து தேய்த்த இடம் புதுக்காசு போல மின்னியது. தாங்கியின் கீழே ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வைத்து உயர்த்தித் திருகியதும், கதவு மறுபடி விழவில்லை.

முதலில் நோயைக் காணுங்கள்

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கதவை மூடிவிட்டு நான்கடி தள்ளி நின்று பாருங்கள். நிலைக்காலுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள வெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். ஏறத்தாழ 1/8 அங்குலம் போதும். கனேடிய 25 சத நாணயங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்தத் தடிப்பு வரும் என்பதால், அளவுகோலை விட்டுவிட்டு அவற்றையே வெளியில் செருகிப் பார்க்கலாம். வெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் கதவின் உச்சி நிலைக்காலை விட்டுச் சாய்ந்திருக்கிறது. மாறாக இருந்தால் அடிப்பகுதி விலகியிருக்கிறது. பழைய வீடுகளில் நிலைக்காலே சரிந்திருப்பதும் உண்டு. ஆகவே நீர்மட்டத்தை நிலைக்காலிலும் வைத்துப் பாருங்கள், கதவிலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கதவு செங்குத்தாக நிற்பதற்கே முதலிடம் கொடுங்கள், ஏனெனில் இரண்டு குடுமிகளும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாத கதவு தானாகத் திறந்துகொள்ளும் அல்லது தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து, கதவைப் பாதி மடித்த நிலையில் நிலைக்காலோரப் பலகையைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தாங்கி சேர்ந்து ஆடினால் அதன் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. தாங்கி அசையாமல் குடுமி மட்டும் கதவுக்குள் ஆடினால் மரத்துளை பெருத்துவிட்டது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்.

வாடகை வீடாக இருந்தால் ஒரு சொல்: ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி வீட்டைப் பழுதின்றிப் பேணுவது உரிமையாளரின் கடமை. கதவைத் துளைப்பதற்கு முன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கழற்றும் முறை

சீர்படுத்துவதற்குப் பெரும்பாலும் கதவைக் கழற்றவேண்டியதில்லை, ஆனால் பழுதுபார்ப்பதற்குக் கழற்றவேண்டும். கதவை முழுவதும் மடித்துத் திறந்து, நிலைக்காலோரப் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து நேர்மேலே தூக்குங்கள். மேற்குடுமியின் சுருள்வில் அமுங்க, கதவு உயர்ந்து கீழ்க்குடுமி தாங்கியின் பல்லிலிருந்து விடுபடும். அடிப்பகுதியைத் தாங்கியை விட்டு வெளியே விலக்கி, அப்படியே மெல்லக் கீழிறக்கினால் மேற்குடுமியும் சில்லும் தண்டவாளத்திலிருந்து வந்துவிடும். தூக்கியும் கதவு உயரவில்லை என்றால் கீழ்க்குடுமி மிகையாக வெளியே திருகப்பட்டிருக்கிறது. அதை ஸ்பேனரால் கதவுக்குள் சில சுற்றுகள் ஏற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். நெம்புகோல் போட்டு இழுக்கவேண்டாம், பலகை பிளந்துவிடும்.

கண்ணாடி பதித்த கதவாக இருந்தால் இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்யக்கூடாது. அதன் கனம் எதிர்பாராதது, பிடி வழுக்கினால் கண்ணாடி காலில்தான் விழும். பிள்ளைகளையும் அறைக்கு வெளியே வைத்திருங்கள். மடிப்பின் நடுவே விரல் நசுங்குவது நொடியில் நடந்துவிடும்.

மூன்று அசைவுகள்

கதவைச் சீர்படுத்துவதற்கு மூன்றே வழிகள் உண்டு: உயரம், கீழ்ப்பக்க நகர்வு, மேற்பக்க நகர்வு. அவற்றை இந்த வரிசையிலேயே செய்வது நல்லது, ஏனெனில் உயரம் மாறினால் மற்ற இரண்டும் மாறும்.

உயரத்தைக் கீழ்க்குடுமி தீர்மானிக்கிறது. அது மரை உள்ள ஓர் ஆணி. கதவிலிருந்து வெளியே வரும் திசையில் திருகினால் கதவு உயரும், உள்ளே போகும் திசையில் திருகினால் தாழும். பாரம் அதன்மேல் இருக்கும்போது திருகினால் மரையும் தேயும், கையும் வலிக்கும். எனவே கதவின் கீழே மெல்லிய மரத்துண்டொன்றைச் செருகிப் பாரத்தை எடுத்துவிட்டு, ஒரு சுற்றுத் திருகிப் பார்த்துப் பார்த்துச் செல்லுங்கள். அடிப்பாகம் தரையிலோ கார்ப்பெட்டிலோ உரசாமலும், உச்சி தண்டவாளத்தில் முட்டாமலும், மேற்குடுமி துளைக்குள் ஆழமாக இறங்கியும் இருக்கும் இடமே சரியான உயரம்.

கீழ்ப்பக்கத்தை நகர்த்தத் தாங்கியின் பற்களைப் பயன்படுத்தவேண்டும். கதவைச் சற்றுத் தூக்கி, குடுமியை ஒரு பல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாற்றி இறக்குங்கள். அது பல்லின் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பல்லின் முகட்டில் அரைகுறையாக நிற்கும் குடுமி, அடுத்த வேகமான இழுப்பில் பாய்ந்துவிடும்.

மேற்பக்கத்துக்கு, தண்டவாள மூலையிலுள்ள பிடிப்பின் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்திப் பிடிப்பை நகர்த்துங்கள். முழுதாகத் தளர்த்தினால் பிடிப்பு சறுக்கி, சீர் செய்ததெல்லாம் கெட்டுவிடும். கதவை மூடி, அந்த இரண்டு நாணயங்களால் வெளியை மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில் அளந்து, ஒத்து வந்த பிறகே இறுக்குங்கள்.

நான்கு பலகைகள் கொண்ட அகலமான கதவாக இருந்தால், இரண்டு பக்கங்களையும் தனித்தனியே சீர்செய்து முடித்த பின்னரே நடுவில் அவை சந்திக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றால், முன்பலகைகளின் உட்புறத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இணைப்புத் தகடுகள் இரண்டைப் பூட்டுங்கள்; மூடும்போது அவை ஒன்றையொன்று கவ்வி இரண்டு பலகைகளையும் ஒரே நேராக நிறுத்தும்.

பெருத்த துளையும் பிளந்த மூலையும்

மலிவான மடிப்புக் கதவுகள் உள்ளே வெறுமையானவை. உச்சியிலும் அடியிலும் மட்டும் ஒரு மரச்சட்டம் ஓடும். குடுமியின் துளை அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. கதவை இழுத்து இழுத்துத் திறக்கும்போது துளை நீள்வட்டமாகப் பெருக்கிறது. அதற்குள் கடதாசியும் டேப்பும் திணிப்பது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். கதவைக் கழற்றி மேசையில் கிடத்தி, பழைய துளையை 3/4 அங்குலமாகச் சுத்தமாகத் துளைத்து, அதே தடிப்புள்ள வன்மர உருளையை மரப்பசை பூசி இறுக்கமாக அடித்து இறக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துச் சமப்படுத்தி, அதன் நடுவே குடுமிக்கான புதிய துளையைப் போடுங்கள். கைகள் சற்றுச் சாய்ந்தாலும் குடுமி கோணலாகிவிடும். ட்ரில்லின் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி, செங்குத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மூலையே பிளந்திருந்தால், பிளவை மெல்லிய கத்தியால் சற்று விரித்து, பசையை உள்ளே ஓடவிட்டு, இறுக்கியால் இரவு முழுக்க நெருக்கிப் பிடியுங்கள். மரம் உதிர்ந்து பசை பிடிக்க இடமில்லாத நிலையில், கதவின் மூலையை உறைபோலக் கவ்வும் உலோகத் தகடு வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. குடுமிக்கான துளை அந்தத் தகட்டிலேயே இருக்கும். பிணைச்சலின் சிறு திருகாணித் துளைகள் தளர்ந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். பசையில் தோய்த்த பற்குச்சிகள் மூன்று நான்கைச் செருகி, காய்ந்ததும் ஒட்ட வெட்டிவிட்டு, அதே திருகாணியை முடுக்கினால் போதும்.

புதிய குடுமியோ சில்லோ வாங்கப் போகும்போது பழையதைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். தடிப்பு பெரும்பாலும் 3/8 அங்குலம், ஆனால் 7/16 அங்குலமும் விற்பனையில் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், துளைக்குள் ஒன்றாகாது. கதவையே மாற்றுவதாக இருந்தாலும் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு: 30 அங்குலக் கதவு என்று விற்பது உண்மையில் 29 1/2 அங்குலம்தான் இருக்கும், ஏனெனில் 30 என்பது கதவு பொருந்தும் நிலைத் திறப்பின் அகலத்தைக் குறிக்கிறது.

சீவுவதற்கு முன்

யூலை மாதத்தில் கதவு இறுகினால் உடனே சீவுளியை எடுக்காதீர்கள். ரொறன்ரோவின் கோடை ஈரத்தில் முழு மரக்கதவு பருக்கும்; குளிர்காலத்தில் ஹீற்றர் காற்றில் அதே மரம் சுருங்கும். கோடையில் சீவிய கதவு தை மாதத்தில் இடைவெளி விட்டு நிற்கும். முதலில் குடுமிகளை ஒரு பல் நகர்த்திப் பாருங்கள். சீவியே ஆகவேண்டும் என்றால், 1960க்கு முன் கட்டிய வீட்டின் பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்து, பரிசோதிக்காமல் தேய்க்கவேண்டாம்.

வெப்ப உலையோ உடுப்பு உலர்த்தியோ இருக்கும் சிற்றறைக்குச் சாய்வுச் சட்டங்கள் அடுக்கிய காற்றோட்டக் கதவு போட்டிருந்தால், அது அழகுக்காக அல்ல, உள்ளே காற்றுப் போவதற்காகப் போடப்பட்டது. அதை அடைத்த கதவால் மாற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை அதன் உட்புறத்தில் இரண்டு முறை தேய்த்துவிடுங்கள். சிலிக்கன் ஸ்ப்ரேயும் ஆகும். எண்ணெய் பூசினால் உடுப்புகளின் நூல்தூசு அதில் ஒட்டிப் பிசினாகி, சில்லை நிறுத்திவிடும். கதவைத் திறக்கும்போது முன்விளிம்பைப் பிடித்து இழுக்காமல், மடிப்புக்கு அருகில் பிடித்து இழுக்கும்படி வீட்டிலுள்ளவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, கீழ்த்தாங்கியின் திருகாணிகளையும் மேற்பிடிப்பின் திருகாணியையும் இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள். புதிதாக இறுக்கியவை முதல் வாரத்தில்தான் சற்றுத் தளரும்.