வண்டி நின்றாலும் தவணை நிற்காது: கடனில் வாங்கிய பழைய கார் பழுதானால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வியாழக்கிழமை மாலை அத்தான் தொலைபேசியில் அழைத்தார். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் யூனோஸ் அருகே, ஓரத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். “தம்பி, எஞ்சின் ஓடுகிறது. வண்டிதான் நகர மாட்டேன் என்கிறது.”

வாங்கி ஐந்து மாதமும் இருபது நாளும் ஆகியிருந்தது. விற்ற கடைக்காரர் தந்த உத்தரவாதம் மூன்று மாதத்தோடு முடிந்திருந்தது. கடனில் ஐந்து தவணைகள்தான் கட்டியிருந்தார். அடுத்த பத்து நாளில் அவர் எடுத்த முடிவுகளில் பாதிக்கு மேல் நஷ்டத்தைக் கூட்டின. அத்தான் கணக்கில் கெட்டிக்காரர், எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவரே அப்படித் தடுமாறினார் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு வண்டி நிற்பதற்கு முன்பே நடந்துவிட்டது. கியர் மாறும்போது ஓர் இடி, சிக்னலில் கிளம்பும்போது ஒரு தயக்கம் என்று இரண்டு வாரமாகவே அறிகுறி இருந்திருக்கிறது. “வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஓட்டியிருக்கிறார். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் இந்த வகைத் தள்ளிப்போடுதல் மிகவும் விலை உயர்ந்தது. வெப்பமானியின் முள் ஏறிய பிறகும் “அடுத்த வெளிவழி வரை போய்விடலாம்” என்று ஓட்டினால், சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய நீர்க்கசிவு, அலுமினியத் தலைப்பகுதியை வளைத்து எஞ்சினையே பிரிக்க வைக்கும் வேலையாகிவிடும். முள் ஏறினால் குளிரூட்டியை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

அடுத்தது இழுவை வண்டி. விரைவுச்சாலையில் நின்றுபோகும் வாகனத்தை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் நடத்துகிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதும். வண்டி பத்திரமான இடத்துக்குப் போய்விடும், நமக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அத்தான் தானாக வந்து நின்ற ஒரு தனியார் இழுவை வண்டிக்குத் தலையசைத்துவிட்டார். ஓட்டுநர் “எனக்குத் தெரிந்த பட்டறை” என்று காக்கி புக்கிட்டில் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கியர்பெட்டி கழற்றப்பட்டு மேசைமேல் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மதிப்பீடு 6,800 வெள்ளி. எழுத்தில் எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான்.

எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் பெரிதென்று நினைக்கிறேன். பிரித்த கியர்பெட்டி பேசாது. விற்றவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “பழுது எங்களிடமிருந்து வந்ததா, உங்கள் பட்டறையில் வந்ததா என்று எப்படித் தெரியும்?” என்பதுதான். எனவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் தகவல் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும், தேதியும் நேரமும் அதில் இருக்கும். பார்வையிட அவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுங்கள். சார்பில்லாத ஒரு பரிசோதனை நிலையத்தின் அறிக்கையை வாங்குங்கள். பிறகு எழுத்தில் மதிப்பீடு, பிறகு ஒப்புதல், அதற்குப் பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை வேலை முடியும்வரை தூக்கி எறியவேண்டாம் என்றும் பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

உத்தரவாதம் முடிந்துவிட்டதால் விற்றவரிடம் போய்ப் பயனில்லை என்று அத்தான் முடிவு கட்டியிருந்தார். நம்மில் மிகப் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கடைக்காரர் தரும் உத்தரவாதம் அவர் தரும் வாக்கு. சட்டம் தரும் பாதுகாப்பு அதற்கு மேலே தனியாக நிற்கிறது. குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், ‘லெமன் சட்டம்’ என்று எல்லாரும் சொல்லும் ஏற்பாடு 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய கார்களும் அதில் அடங்கும். வண்டி கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றிக்கொடுத்தல். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணத்தைத் திருப்பித் தருதல். ஆறு மாதம் தாண்டினாலும் கேட்கலாம், ஆனால் அப்போது நிரூபிக்கும் சுமை நம்முடையது. “உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது” என்ற வரியில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமை பறிபோகாது. கடனில் வாங்கியதாலும் போகாது.

இதற்கு எல்லைகள் உண்டு. வயதுக்கேற்ற தேய்மானத்தைக் குறை என்று சொல்ல முடியாது. ஐந்து வயதுக் காரிடம் புதிய காரின் தரத்தை எதிர்பார்க்கவும் முடியாது. வாங்கும்போதே சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கு இடமில்லை. எல்லாவற்றையும்விட, விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். உரிமையாளரிடமிருந்து நேரடியாக வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. கடையில் பார்த்து வாங்கிய கார்கூட, உரிமையாளர் சார்பில் கடை விற்றுக்கொடுத்ததாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அத்தானைக் காப்பாற்றியது ஒரு கசங்கிய காகிதம். இழுவை வண்டிக்காரர் கொடுத்த ரசீதில் தேதி இருந்தது. ஆறு மாதத்துக்குப் பத்து நாள் முன்பு. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் சமரசப் பேச்சில் அந்த ரசீது மேசைக்கு வந்த பிறகுதான் விற்றவரின் குரல் மாறியது. கியர்பெட்டியைப் பிரித்திருக்காவிட்டால் முழுத் தொகையும் கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து. பாதிச் செலவு கிடைத்தது. சமரசம் கைகூடாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை.

இடையில் அவர் இன்னொன்றும் செய்தார். “ஓடாத வண்டிக்கு எதற்குத் தவணை?” என்று இரண்டு மாதம் கட்டாமல் விட்டார். கோபம் நியாயமானதுதான். ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கியர்பெட்டிக்கும் தொடர்பில்லை. தவணை முறையில் கடன் தீரும்வரை வண்டி சட்டப்படி அந்த நிறுவனத்துடையது. தவணை தவறினால் தாமதக் கட்டணம் ஏறும், கடன் வரலாற்றில் கறை விழும், கடைசியில் வண்டியையே எடுத்துக்கொண்டு போவார்கள். எடுத்துப்போய் விற்றும் கடன் தீராவிட்டால் மிச்சத்தை நம்மிடம்தான் கேட்பார்கள். முடியவில்லை என்றால் தவணை தவறுவதற்கு முன்பே அழைத்து, காலத்தை நீட்டித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். தவறிய பிறகு கேட்பவரிடம் பேசும் தொனியே வேறு. கடன் அட்டையில் பட்டறைச் செலவைப் போட்டு மாதாமாதம் சிறிது சிறிதாகக் கட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அந்த வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல்.

காப்புறுதி? விபத்துக்கு உண்டு. தானாகப் பழுதடையும் இயந்திரத்துக்கு, முழுமைக் காப்புறுதியிலும் பொதுவாகக் கிடையாது. “இப்போதுதானே பரிசோதனையில் தேறியது” என்பதும் வாதமாகாது. மூன்று வயது முதல் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனை பிரேக், விளக்கு, புகை என்று சாலைப் பாதுகாப்பைப் பார்ப்பது. கியர்பெட்டிக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை.

பாலத்துக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூருக்குக் கொண்டுபோனால் மலிவாக முடியும் என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எண்ணெய் மாற்றவும் டயர் மாற்றவும் நானும் போகிறேன். பெரிய வேலைக்கு வேண்டாம் என்பேன். செய்த வேலை மூன்று மாதத்தில் கெட்டால், ஓடாத வண்டியை மீண்டும் பாலம் தாண்டி இழுக்க வேண்டும். தகராறு என்றால் இங்குள்ள மன்றத்தால் அந்தப் பட்டறையை எளிதில் எட்ட முடியாது. நிறுவனத்துக்குச் சொந்தமான வண்டியை வெளிநாட்டில் பிரித்துப் போடுவது பற்றிக் கடன் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். எஞ்சினையே மாற்றுவதென்றால், எங்கே மாற்றினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முறைப்படி போக வேண்டும்.

இனி, பழுதான வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி. நம் ஊரில் ஒரு காருக்கு இரண்டு விலை. இரும்புக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. எஞ்சின் செத்தாலும் காகிதம் சாவதில்லை. பதிவை நீக்கினால் பத்து ஆண்டுக்கு வண்டி வைத்திருக்க உரிமை தரும் சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழின் மிஞ்சிய காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்கும். பத்து வயதுக்குள் நீக்கினால் பதிவின்போது கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதியும் சேரும். இது தெரியாமல், “செத்த வண்டிதானே, எடுத்துக்கொள்கிறோம், கடனையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று அழைப்பவரிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வயதுக் காருக்கு 40,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 2.78 விழுக்காடு தட்டை வட்டி (கட்டக் கட்டக் குறையாமல் முழுக் கடன் தொகைக்கும் போடப்படுவது), ஐந்து ஆண்டு. மொத்த வட்டி 5,560 வெள்ளி, மாதத் தவணை ஏறக்குறைய 759 வெள்ளி. இரண்டு ஆண்டு கட்டிய பிறகு கார் நின்றுவிடுகிறது. 36 தவணை பாக்கி, அதாவது 27,336 வெள்ளி. முன்கூட்டியே தீர்த்தால் பாக்கித் தவணைகளுக்கான வட்டி முழுவதும் தள்ளுபடியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் ‘78 விதி’ வட்டியின் பெரும்பகுதியைத் தொடக்க மாதங்களிலேயே எடுத்துக்கொள்ளும். எனவே தள்ளுபடி ஏறக்குறைய 2,020 வெள்ளிதான். தீர்க்க வேண்டியது 25,300 வெள்ளிக்குச் சற்று மேல், முன்தீர்வுக் கட்டணம் தனி.

மறுபக்கம் காகிதம். சான்றிதழ் 40,000 வெள்ளிக்கு எடுக்கப்பட்டது, மூன்று ஆண்டு மிச்சம் என்றால் 12,000 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் 20,000 வெள்ளி என்றால், பழைய விதியில் பதிவான காருக்கு ஏழு வயது நிறைவதற்குள் 65 விழுக்காடு, 13,000 வெள்ளி. மொத்தம் 25,000. கடனும் காகிதமும் ஏறத்தாழ நேருக்கு நேர் நிற்கின்றன. ஓடும் நிலையில் அதே வகைக் கார் சந்தையில் 40,000 வெள்ளி போகுமானால் 7,000 வெள்ளி செலவழித்துப் பழுதுபார்த்து விற்பது லாபம். 30,000 வெள்ளிதான் போகும் என்றால் பழுதுபார்ப்பது வீண். பட்டறைக்காரர் சொல்லும் தொகை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யவே முடியாது.

அந்த 65 விழுக்காடு, ஏழு வயது தாண்டிய மறுநாள் 60 ஆகிவிடும். மேலே சொன்ன காருக்கு அது 1,000 வெள்ளி. விதி மாறிய பிறகு பதிவான கார்களுக்கு வரம்பும் விகிதமும் வேறு. உங்கள் காருக்கான தொகையை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் சிங்பாஸ் எனும் மின்னடையாளம் மூலம் நுழைந்தால் தேதியோடு காட்டும். கடன் தீர்ந்த பிறகே பதிவு நீக்கம் நடக்கும். நீக்கிய ஒரு மாதத்துக்குள் வண்டியைச் சிதைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும். அதற்கான சான்று போன பிறகே பணம் வரும். ஆகவே தீர்வுத் தொகைக்கு இடையில் சில வாரங்கள் கைப்பணம் வேண்டியிருக்கும். கடன் நிறுவனத்தை அழைத்து, எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கி, காரின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் அந்தத் தேதியைக் குறித்துவைத்துவிட்டுப் பட்டறைக்காரரிடம் பேசுங்கள்.