பின்னாலிருந்து முன்னால்: ஸ்போர்ட்ஸ் காரில் பாடி கேப் சரிசெய்யும் முறை

பாடி கேப் என்பது வண்டியின் இரு பேனல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. பானட் ஒரு பக்கம் ஃபென்டரோடு (முன்சக்கரத்தை மூடும் தகடு) ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் விலகி நின்றால் கை நேராக பானட் போல்ட்டுக்குத்தான் போகும். அங்கே தொடங்கினால் வேலை முடியவே முடியாது. பின் குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தை மூடும் தகடு) பாடியோடு வெல்டிங் ஆனது, நகராது. அதற்குப் பொருத்தமாகக் கதவு, கதவுக்கு ஃபென்டர், ஃபென்டருக்கு பானட், கடைசியில் பம்பர்.

அளப்பதைக் காலையில், நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லையின் சித்திரை வெயிலில் நின்ற வண்டியை அளந்தால் கணக்கு தப்பும். 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் இரும்புத் தகடு சுமார் 0.36 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 0.7. பிளாஸ்டிக் பம்பர் இன்னும் கூடுதல். வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும். ஜாக்கி போட்டு அளக்காதீர்கள். அதிலும் மேற்கூரை திறக்கும் வண்டியில் பாடி லேசாக முறுக்கி, கதவு கேப்பே மாறிவிடும்.

3, 4, 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டே நல்ல கேஜ். பல வண்டிகளில் கேப் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மானுவல் சொல்வதே முடிவு. மேலிருந்து கீழ்வரை சீராக ஓடுகிறதா, இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அளவுகளை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டுங்கள். மட்டமும் பாருங்கள்: முன் பேனலைவிடப் பின் பேனல் மயிரிழை உள்ளே இருக்கலாம், வெளியே துருத்தக் கூடாது. கதவின் முன் ஓரம் துருத்தினால் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்றில் விசிலடிக்கும்.

இரண்டு கதவு வண்டியில் கதவு நீளம், எடையும் அதிகம். அதனால் பின்நுனி தொங்கும். பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் கீலின் ஊசியும் (pin) புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் அட்ஜஸ்ட் செய்வது வீண். ஆட்டம் இல்லையென்றால் முதலில் கதவுக்குப் பின்னால் உள்ள பில்லரில் (தூண்) இருக்கும் ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவு லாக் கவ்வும் கொக்கியை, கழற்றுங்கள். அது இருந்தால் தொங்கிய கதவை மூடும்போது தூக்கிவிட்டு, கேப் சரியாக இருப்பதுபோலக் காட்டும். கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, கதவுக்கடியில் துணி சுற்றிய முட்டுக் கொடுத்து, போல்ட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கூட ஓர் ஆள் அவசியம்.

நுனி உயர வேண்டுமானால் மேல் கீல் முன்னால் போகணும், அல்லது கீழ்க் கீல் பின்னால் வரணும். கீல்களுக்கிடையே 40 சென்டிமீட்டர், கதவு நீளம் 120 என்றால், கீலில் 1 மில்லிமீட்டர் நகர்த்தினாலே நுனி 3 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு நூல், ஏறிவிடும். முன் பில்லரில் முன்பின்னாக நகர இடமில்லாத கீலுக்கும் பில்லருக்கும் நடுவே மெல்லிய ஷிம் (தகட்டுத் துண்டு) வையுங்கள். கீல் இடுக்கில் கட்டையைச் சொருகிக் கதவை அமுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கீல் வளையும், பில்லர் தகடு கிழியும்.

ஃபென்டருக்கு மேல்வரிசை போல்ட்டுகள், கதவைத் திறந்தால் தெரியும் போல்ட், வீல் லைனருக்கு (சக்கரக் குழியின் உள்மறைப்பு) பின்னால் இருப்பது எல்லாவற்றையும் தளர்த்தி, கதவுக் கோட்டுக்குப் பொருத்துங்கள்.

பானட்டில் முன்பின், பக்கவாட்டு நகர்வு கீல் துளைகளில். முன்பக்க உயரத்தை ரப்பர் ஸ்டாப்பரைத் திருகி ஏற்றி இறக்கலாம். லாக்கைக் கழற்றிவிட்டு முதல்முறை மெதுவாக மூடிப் பாருங்கள். ஓரம் ஃபென்டரில் இடித்தால் பெயிண்ட் பெயரும். அலுமினிய பானட்டை நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் சொட்டை விழும்.

இவ்வளவு செய்தும் ஒரு மூலை மட்டும் வழிக்கு வரவில்லையென்றால் என்ஜின் அறையில் எதிரெதிர் மூலைகளுக்கிடையே உள்ள இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அடிபட்ட பாடி. அதற்கு வளைந்த பாடியை இழுத்து நிமிர்த்தும் பெஞ்ச் வேண்டும், பட்டி போட்டு மறைக்கக் கூடாது.

கடைசியாக ஸ்ட்ரைக்கரை லேசாக முடுக்கி, கைப்பிடியை இழுத்தபடி கதவை மெல்ல மூடுங்கள். லாக் தானே அதை நடுவுக்குக் கொண்டுவரும். திறந்து இறுக்குங்கள். பத்து ரூபாய் நோட்டை பீடிங்கில் (கதவோர ரப்பர்) வைத்து மூடி இழுத்தால் பிடிப்பு இருக்க வேண்டும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் ஓடும் வண்டி என்றால், பெயிண்ட் உடைந்த போல்ட் தலைகளுக்கு அன்றைக்கே டச்-அப் வைத்துவிடுங்கள்.